தொழுவம் ஏன் தீப்பிடிக்கிறது?

ரிஷிவந்தியத்திலிருந்து பகண்டை கூட்டுரோடு போகும் வழியில் இருபுறமும் பார்த்துக்கொண்டே போனால், ஒரே அமைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. கூரை பனை ஓலை அல்லது தென்னங்கீற்று. சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. உள்ளே இரண்டு மூன்று கறவை மாடுகள், ஒரு கன்று, நாலைந்து ஆடுகள். பத்தடி தள்ளி வைக்கோல் போர். கொட்டகைக் கம்பத்தில் ஒரு பல்பு. அதற்கு வீட்டிலிருந்து இழுத்த ஒரு வயர். நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பெரும்பாலும் இதுதான் தொழுவம்.

இந்தக் கொட்டகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நாம் கடல் கடந்து, அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பண்ணைத் தீயைப் பார்க்கப் போகிறோம். அங்கே தீ எதனால் மூண்டது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதைத் தெரிந்துகொண்டு திரும்பினால், நம் ஊர்க் கொட்டகையில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

ஒரே மாலையில் 18,000 மாடுகள்

டெக்சாஸ் மாநிலத்தில் டிம்மிட் என்ற சிற்றூருக்கு அருகில் சவுத் ஃபோர்க் டெய்ரி என்னும் பால்பண்ணை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் மாலை. பால் கறவைக்காக மாடுகள் மிகப் பெரிய கொட்டகைக்குள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்த நேரம். அப்போது தீப் பற்றியது. கரும்புகை பல மைல் தொலைவுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய 18,000 மாடுகள் மாண்டன. உள்ளே சிக்கிக்கொண்ட பணியாள் ஒருவர் கவலைக்கிடமான நிலையில் மீட்கப்பட்டார்.

18,000 என்ற எண்ணை அப்படியே படித்துவிட்டுப் போனால் அதன் அளவு தெரியாது. ஊருக்கு 300 மாடுகள் என்று வைத்துக்கொண்டால், 60 ஊர்களின் மாடுகள் ஒரே மாலையில் இல்லாமற் போனதற்கு அது சமம். அமெரிக்காவில் விலங்குகள் நலனுக்கான ஒரு நிறுவனம் 2013 முதல் இத்தகைய தீ விபத்துகளைக் கணக்கெடுத்து வருகிறது. ஒரே தீயில் இத்தனை மாடுகள் இறந்ததாக அந்தக் கணக்கில் அதற்கு முன் இல்லை.

மாடுகளோடு இது நிற்கவில்லை. 2021 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் வடகிழக்கே ஆல்ட் டெல்லின் என்ற இடத்துப் பன்றிப் பண்ணை எரிந்தது. 50,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் மடிந்தன. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முட்டைக் கோழிப் பண்ணை ஒன்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோழிகள் மடிந்தன.

மீத்தேன்தான் காரணமா?

டிம்மிட் செய்தி வெளிவந்ததும் எல்லோருடைய ஐயமும் ஒரே பொருளின் மீது விழுந்தது. மீத்தேன்! மாடு அசைபோடும்போது ஏப்பமாக வெளிவருவது மீத்தேன். சாணம் காற்றில்லாமல் அழுகும்போது உண்டாவதும் மீத்தேன். நம் ஊர்ச் சாண எரிவாயு அடுப்பில் எரிவது அதுதான். ஆகவே, "மாடுகள் விட்ட வாயுவே மாடுகளை எரித்துவிட்டது" என்று பல செய்தித்தாள்கள் எழுதின. கேட்பதற்குச் சுவையான செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

மீத்தேன் எந்த அளவில் இருந்தாலும் வெடித்துவிடாது. காற்றில் அதன் பங்கு 100-க்கு 5 முதல் 15 வரை இருந்தால்தான் தீப்பொறி பட்டு வெடிக்கும். 5-க்குக் கீழே எரிபொருள் போதாது; 15-க்கு மேலே பிராணவாயு போதாது.

நம் பக்கத்துக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி 10 அடி உயரம். உள்ளே 8,000 கன அடி காற்று. அதாவது ஏறக்குறைய 2,26,000 லிட்டர். இதில் 100-க்கு 5 பங்கு என்றால் 11,300 லிட்டர் மீத்தேன் வேண்டும். ஒரு மாடு நாளொன்றுக்கு 250 லிட்டர் மீத்தேன் விடுகிறது என்று கொள்வோம். பத்து மாடுகள் 2,500 லிட்டர் விடும். அப்படியானால், கொட்டகையைக் காற்றுப் புகாத பெட்டிபோல் அடைத்துவைத்தால் நாலரை நாளில் வெடிக்கும் நிலை வரும். ஆனால் அதற்கு வெகு முன்னரே உள்ளிருக்கும் மாடுகள் தாமே விட்ட கரியமில வாயுவிலும் பிராணவாயுக் குறைவிலும் மூச்சுத் திணறி விழுந்திருக்கும். மாடு உயிரோடு நிற்கிற கொட்டகையில் காற்றோட்டம் இருக்கிறது. காற்றோட்டம் இருக்கிற இடத்தில், காற்றைவிட ஏறக்குறைய பாதி எடையே உள்ள மீத்தேன் மேலெழுந்து கலைந்துவிடுகிறது.

அதற்காக மீத்தேனை முற்றிலும் விடுவித்துவிடவும் முடியாது. 2014 ஜனவரியில் ஜெர்மனியின் ராஸ்டார்ஃப் என்ற ஊரில் 90 கறவை மாடுகள் இருந்த தொழுவத்தில் வாயு வெடித்துக் கூரை சேதமடைந்தது. மாடு ஒன்றுக்குத் தீக்காயம். தேங்கியிருந்த மீத்தேனில் நிலைமின்பொறி பட்டதே காரணம் என்று அந்நாட்டுப் போலீசார் தெரிவித்தனர். குளிருக்காகக் கதவுகளையும் சாளரங்களையும் அடைத்து வைக்கும் நாடு அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று சற்று விசித்திரமானது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பன்றிக் கொட்டகைகளுக்கு அடியிலேயே ஆழமான கழிவுக் குழி இருக்கும். 2009-ஆம் ஆண்டையொட்டி அக்குழிகளில் பலவற்றில் திடீரென்று கனத்த நுரை பொங்கத் தொடங்கியது. சோப்பு நுரைபோல் உடைந்துவிடாமல், குமிழிக்குள் மீத்தேனைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் நுரை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போதோ குழியைக் கலக்கும்போதோ இந்த நுரை உடைந்தால், சிறைப்பட்ட வாயு முழுவதும் ஒரே சமயத்தில் வெளியேறும். அவ்வேளையில் சூடேற்றியின் சுடர் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? 2011 செப்டம்பரில் அயோவா மாநிலத்தில் இப்படி நிகழ்ந்த ஒரு வெடிப்பில் ஏறக்குறைய 1,500 பன்றிகள் மாண்டன. தொழிலாளி ஒருவர் காயமடைந்தார்.

ஆக, மூடிய குழி, மூடிய அறை, சாண எரிவாயுக் கலன் ஆகிய இடங்களில் மீத்தேனுக்கு அஞ்ச வேண்டும். (அத்தகைய குழிகளில் தீயைவிட நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடுதான் அதிகம் கொல்லும். குழிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க ஓடி இறங்கியவரும் பிணமான செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம்.) திறந்த கொட்டகையில் தேட வேண்டிய குற்றவாளி வேறு.

டிம்மிட் பண்ணையிலும் அப்படித்தான் ஆயிற்று. டெக்சாஸ் மாநிலத் தீ விசாரணை அதிகாரிகள் ஆராய்ந்து சொன்ன முடிவு இது: கொட்டகைக்குள் சாணத்தை உறிஞ்சி எடுத்துச் செல்லும் வண்டியின் என்ஜினில் மூண்ட தீ, தற்செயலான விபத்து. 18,000 மாடுகளின் மரணம் ஒரு டீசல் வண்டியின் என்ஜினில் தொடங்கியிருக்கிறது.

சைலன்சரும் வைக்கோலும்

என்ஜினில் தீ மூள்வது பெரிய அதிசயமன்று. வேலை செய்துகொண்டிருக்கும் டீசல் என்ஜினின் புகைபோக்கிக் குழாய், பளு மிகும்போது 400 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடேறும். உலர்ந்த வைக்கோலோ தூசோ பற்றிக்கொள்ள அதைவிடக் குறைந்த சூடே போதும். எண்ணெய்க் குழாயில் கசிவும் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்குத் திரும்புங்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலைக் கட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. வயலில் கிடக்கும் வைக்கோலை உருளை உருளையாகக் கட்டி, டிராக்டர் டிரெய்லரில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். டிராக்டரின் சைலன்சரில் வைக்கோல் துரும்புகள் படிந்திருக்கும். பாரத்தின் உச்சி, தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசும். வைக்கோல் ஏற்றிய வண்டி நடுவழியில் எரிந்தது என்ற செய்தி ஆண்டுதோறும் நம் பத்திரிகைகளில் வருகிறதே, அதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான் காரணம். வண்டி வழியிலேயே எரிந்தால் வைக்கோலோடு போகும். சூடாறாத டிராக்டரைக் கொட்டகை ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால்?

தானே சூடேறும் போர்

வெளியிலிருந்து நெருப்பே வராமல் வைக்கோல் போர் எரியுமா? எரியும். எப்போதும் எரியாது, ஈரமாக அடுக்கினால் எரியக்கூடும்.

நன்கு காய்ந்த வைக்கோல் வெறும் உலர்ந்த தாள் போன்றது. அதில் எந்த உயிரும் வேலை செய்யாது. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகும். அவை உண்டு மூச்சுவிடுவதால் வெப்பம் பிறக்கும். சிறு குவியலாக இருந்தால் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். பெரிய போராகவோ இறுக்கிக் கட்டிய உருளைகளின் அடுக்காகவோ இருந்தால் வெளியேற வழியில்லை. ஏனெனில் வைக்கோல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே 60, 70 டிகிரி ஆனதும் நுண்ணுயிர்களே செத்துவிடுகின்றன. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் வைக்கோலின் பொருள்கள் பிராணவாயுவோடு தாமே மெல்ல மெல்லக் கூடத் தொடங்குகின்றன. உயிரில்லாத வேதிவினை இது. சூடு ஏற ஏற வேகமும் ஏறும். அடுக்கிய இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை, ஒருநாள் போரின் நடுவயிறு கருகிக் கனன்று கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

தை மாத அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் இந்த ஆபத்து கூடுதல். பனி இறங்கிய வயலில் காலையிலேயே கட்டிய உருளைகளும் அப்படித்தான். போரிலிருந்து ஆவி கிளம்பினாலோ, வெல்லம் தீய்ந்ததுபோல் ஒரு வாடை வந்தாலோ, ஒரு கடப்பாரையைப் போரின் நடுவில் ஆழச் செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். முனையைக் கையில் பிடிக்க முடியாத அளவு சூடாக இருந்தால் போருக்குள் நெருப்பு நெருங்கிவிட்டது. அந்நிலையில் போரின் மேல் ஏறக் கூடாது. உள்ளே கருகிக் குடைந்திருந்தால் காலடியில் சரிந்துவிடும். அவசரப்பட்டுப் பிரிக்கவும் கூடாது. காற்றுப் பட்டதும் குபீரென்று சுடர் விடும். முதலில் மாடுகளை அப்புறப்படுத்தி, தண்ணீரும் ஆளும் சேர்த்துக்கொண்ட பிறகே பிரிக்க வேண்டும்.

நம் பாட்டன்மார் கல்லும் கட்டையும் பரப்பி, தரை ஈரம் ஏறாமல் மேடை கட்டி, மழைநீர் வழியும்படி உச்சியைக் கூம்பாக மேய்ந்து போர் போட்டதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. வைக்கோல் கெடாமல் இருப்பதற்குச் செய்தார்கள். தீயிலிருந்தும் அது காத்தது. பத்தடி தூரத்தில் போர் வைத்ததுதான் சரியில்லை. வடகிழக்குப் பருவத்தில் காற்று ஒரு திசை, ஆடியில் நேர் எதிர்த் திசை. ஆகவே தொழுவத்துக்கு எந்தப் பக்கம் போர் போட்டாலும் ஆண்டில் சில மாதம் தீப்பொறி தொழுவத்தை நோக்கித்தான் பறக்கும். 50 அடியாவது தள்ளிப் போடுவதே நல்லது. வீட்டு மனை அவ்வளவு பெரிதில்லை என்பீர்கள். அப்படியானால் போரின் அளவையாவது குறைத்து, இரண்டு இடத்தில் பிரித்துப் போடலாம்.

'மின்கசிவே காரணம்'

கொட்டகை எரிந்த செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் இதுதான்: 'மின்கசிவு காரணமாகத் தீ விபத்து ஏற்பட்டதாகத் தெரிகிறது.' உண்மைக் காரணம் தெரியாதபோது எழுதுவதற்கென்றே அச்சுக்கோத்து வைத்த வரியோ என்று எனக்கு ஐயம் வருவதுண்டு. ஆனாலும் மின்சாரத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. என்ன பங்கு என்பதைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டுச் சிறுநீரிலிருந்தும் கோழி எச்சத்திலிருந்தும் அம்மோனியா ஓயாமல் கிளம்புகிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் தாமிரக் கம்பியை அரித்துப் பச்சைக் களிம்பாக்கிவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், தளர்ந்த சுவிட்சுத் திருகு ஆகிய இடங்களில் இது முதலில் நடக்கும். அவ்விடத்தில் மின்தடை சற்றுக் கூடுகிறது. எவ்வளவு? அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். தீவனப்புல் நறுக்கும் இயந்திரத்தின் 2 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்தீர்கள் அல்லவா? 10-ஐ 10-ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 50 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் அவ்வளவுதான் சூடாகும். ஓலைக்கு நடுவே ஒரு பற்றுக்கோலைச் சொருகி வைத்திருக்கிறீர்கள்! இன்னொரு மோட்டாரையும் அதே வயரில் ஓட்டி 20 ஆம்பியர் ஆனால், வெப்பம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு: 200 வாட்.

பியூஸ் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. 10 ஆம்பியர் ஓட வேண்டிய வயரில் 10 ஆம்பியர்தான் ஓடுகிறது; பியூசின் பார்வையில் எல்லாம் ஒழுங்கு. மின்சாரம் தரைக்குக் கசியவும் இல்லை. எனவே கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவிக்கும் இது தெரியாது. (எலி கடித்துத் தோலுரிந்த வயர் ஈரக் கம்பத்தில் படும்போது அக்கருவி மிகவும் உதவும், அதைப் பொருத்துவது வீண் செலவு அன்று.) தளர்ந்த ஜாயிண்டைக் கண்டுபிடிக்க உங்கள் கண்ணும் மூக்கும்தான் உண்டு. நிறம் மாறிய சுவிட்சுப் பெட்டி, உருகிய டேப், மோட்டார் ஓடும்போது மினுக்கும் பல்பு, பிளாஸ்டிக் தீயும் வாடை. ஆண்டுக்கு ஒருமுறை மின்பணியாளரைக் கூப்பிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். ஜாயிண்ட் இல்லாத ஒரே வயரைக் குழாய்க்குள் இழுக்கச் சொல்லுங்கள். பல்பின் மேலும் பெட்டியின் மேலும் தொங்கும் ஒட்டடையை நீங்களே அடிக்கலாம். தூசு சேர்ந்த ஒட்டடை, பொறியைக் கூரைக்கு ஏற்றும் திரியாகும்.

மின்சாரமே இல்லாத தீக்களும் இருக்கின்றன. கொசுவும் ஈயும் மொய்க்காதிருக்க மாலையில் வேப்பிலையும் வறட்டியும் போட்டு மூட்டம் போடுகிறோம். இரவில் காற்று எழுந்து அது கனலாகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்புப் பகுதி இது. வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்தினால் பொறி காற்றில் ஏறி எங்கே இறங்கும் என்று யார் சொல்ல முடியும்? தீபாவளி ராக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கோழிப்பண்ணைக்குத் தனி வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று போனால் நீண்ட கோழிக் கொட்டகைகளைக் காணலாம். அதற்கு அப்பால் முட்டைக்குப் பேர்போன நாமக்கல். இவ்வட்டாரத்து மக்காச்சோளம் கோழித் தீவனமாகத்தான் மிகுதியும் போகிறது.

கறிக்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். அதற்காகக் கேஸ் புரூடர், கரி அடுப்பு, வரிசையாகத் தொங்கும் பல்புகள். தரையில் உமியோ தேங்காய் நார்க் கழிவோ பரப்பிய ஆழ்கூளம். பக்கங்களில் காற்றை மறைக்கச் சாக்குப் படுதா. கவனித்தீர்களா? எரியக்கூடிய பொருள்களைக் கீழேயும் பக்கத்திலும் வைத்துவிட்டு நடுவில் நெருப்பை வைக்கிறோம். அமெரிக்காவில் குளிர் மாதங்களில் பண்ணைத் தீக்கள் கூடுவதற்குச் சூடேற்றும் கருவிகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நம்மிடத்தில் குளிர் இல்லாவிட்டாலும் குஞ்சு இருக்கிறது. பல்பு அறுந்து கூளத்தில் விழுந்தால் போதும். ஒரு கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலியில் மாட்டி, வயரின் மேல் பாரம் ஏறாமல் தொங்கவிட்டால் இந்த ஒரு வழி அடைபடும்.

கோடையில் நிலைமை தலைகீழ். ஆஸ்பெஸ்டாஸ் தகடு கொதிக்கிறது. கோழிகள் வெப்பத்தால் சாகின்றன. எனவே கூரையின் மேல் தென்னங்கீற்றோ சோகையோ பரப்புகிறோம். வெயிலுக்கு அருமையான வழிதான். ஆனால் எரியாத கூரைக்கு எரியும் போர்வை போட்டிருக்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தகட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், காலையிலிருந்தே தெளிப்பானில் கூரையை நனைத்து வைப்பதும் இதற்கு மாற்று.

கூரையும் புகையும்

தீயில் இறக்கும் மாட்டைக் கொல்வது பெரும்பாலும் சுடர் அன்று, புகை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு பற்றிக்கொள்ளும். பற்றிய பின் எளிதில் விடாது. சூடான புகை முதலில் கூரையடியில் சேர்ந்து, பிறகு திரைபோல் கீழிறங்கும். நின்றுகொண்டிருக்கும் மாட்டின் மூக்கு மட்டத்துக்கு அது இறங்க வெகுநேரம் ஆகாது. கூரையின் முகட்டில் புகை வெளியேறத் திறப்பு வைத்தால், அன்றாடம் அம்மோனியா போகும் வழியாகவும், தீயன்று சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தரும் வழியாகவும் அது பயன்படும்.

ஓலைக் கூரையில் இன்னொரு ஆபத்து. எரியும் கீற்றுகள் கொத்துக்கொத்தாய்க் கீழே விழும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் மூண்ட தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தொழுவங்களில் இன்னும் அதே கூரைதான்; அதை மாற்றும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதும் உண்மைதான். முழுக் கூரையையும் மாற்ற முடியாதவர், அடுப்புக்கும் மின்பெட்டிக்கும் நேர் மேலே உள்ள பகுதிக்கு மட்டுமாவது தகரம் போடலாம்.

மாடு ஏன் ஓடி வருவதில்லை?

டிம்மிட்டில் 18,000 மாடுகளை வெளியேற்ற முடியாமற் போனதை எளிதில் புரிந்துகொள்ளலாம். நெருக்கமாக அடைத்த ஆயிரக்கணக்கான மாடுகள், சில வாயில்கள், சில ஆட்கள். ஆல்ட் டெல்லினில் 50,000-க்கு மேல் இருந்த பன்றிகளில் ஏறக்குறைய 1,300-ஐத்தான் காப்பாற்ற முடிந்தது. ஒரே கூரையைத் தொடர்ச்சியாக நீட்டிக்கொண்டே போனால், ஒரு மூலையில் பிடித்த தீ மறு மூலைக்கு விலாசம் கேட்காமல் போய்ச் சேரும். இடையிடையே தீத்தடுப்புச் சுவர் வைத்து, கொட்டகைகளை இடைவெளிவிட்டுக் கட்டினால் இழப்பு ஒரு பகுதியோடு நிற்கும். செலவு கூடும் என்று பெரும் பண்ணையாளர்கள் சொல்வார்கள். நம்மிடத்திலும் பண்ணைகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டு வருகின்றன. கட்டுவதற்கு முன்பே இதை யோசித்தால் செலவு குறைவு.

ஆனால் இரண்டே மாடு உள்ள வீட்டிலும் இரண்டும் சாகின்றனவே, அது ஏன்? கயிறு. கழுத்திலும் மூக்கணையிலும் கட்டிய கயிறு கட்டுத்தறியில் முடிச்சாகக் கிடக்கிறது. தீயைக் கண்டு மிரண்ட மாடு பின்னோக்கி இழுக்கும். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். இருட்டிலும் புகையிலும் நடுங்கும் விரல்களால் அதை அவிழ்க்க முடியாது. முன்பெல்லாம் நாரிலும் சணலிலும் திரித்த கயிறு. இன்று நைலான் என்ற பெயரில் விற்கும் பிளாஸ்டிக் கயிறுகள் உருகிக் கழுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன.

இதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. தலைப்பை மடித்துச் செருகி, அதைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும்படி முடிச்சுப் போடுங்கள். வண்டி மாட்டைக் கட்டும் பெரியவர்கள் பலருக்கு அந்த முடிச்சுத் தெரியும், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது கைவர வேண்டும்; தீப்பிடிக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம். கொட்டகை வாசற் கம்பத்தில், வெளிப்பக்கமாக, ஒரு கூரான அரிவாளைச் செருகி வையுங்கள். அது வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது.

தீப்பிடித்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 101-க்குச் சொல்லிவிட்டு, வாசலுக்கு அருகில் உள்ள மாட்டிலிருந்து தொடங்குங்கள். கூரை விழத் தொடங்கிவிட்டால் எந்த மாட்டுக்காகவும் உள்ளே போகாதீர்கள். முரண்டு பிடிக்கும் மாட்டின் கண்ணை ஈரத் துணியால் மூடி நடத்தினால் வரும். வெளியே வந்ததும் விட்டுவிடக் கூடாது. பயந்த மாட்டுக்குத் தொழுவம்தான் பழகிய இடம். எரியும் கொட்டகைக்குள்ளேயே திரும்ப ஓடும். காற்று வரும் திசையில், தூரத்து மரத்தில் கட்டுங்கள்.

தீக்காயத்தில் சேறு, எண்ணெய், மை எதுவும் தடவாமல் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடுங்கள். உடம்பில் காயமே இல்லாத மாட்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சூடான புகை நுரையீரலைப் புண்ணாக்கியிருந்தால், அதன் விளைவு உடனே தெரியாது. அன்றிரவு தீவனம் தின்ற மாடு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மூக்கில் நுரை தள்ளி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த மூன்று நாட்களும் அதை ஓட்டாமல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் கட்டி, மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.